தன்முனைப்பு வாசகங்கள் ஏன் சிலருக்குக் கைகொடுப்பதில்லை?

தம்பி, குறை உங்கள் நம்பிக்கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லிவரும் வாசகம் உங்கள் நிலையில் இருக்கும் ஒருவரை மேலும் சோர்வடையச் செய்யக்கூடியது. ஆய்விலேயே கண்டறியப்பட்ட விஷயம் இது. அது தெரியாமல் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கச் சொன்னவர் மீதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் கடிதத்தைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்கிறீர்கள். பாய்லர் இயக்குவதற்கான தகுதிச் சான்றிதழின் வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தேறவில்லை. நண்பர் ஒருவர் உங்களைத் தன்முனைப்பு முகாமுக்கு, அதாவது ஊக்கமூட்டும் பயிற்சிக்கு, அழைத்துப் போனார். தினமும் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ‘நான் வெற்றி பெறவே பிறந்தவன், தோல்வி என்னை நெருங்காது’ என்று ஐம்பது முறை சொல்லச் சொன்னார்கள். சில மாதங்களாகத் தவறாமல் சொல்கிறீர்கள். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் ‘பொய், பொய்’ என்கிறது. வேலைக்குக் கிளம்பும்போதே களைத்துப்போகிறீர்கள். முகாம் நடத்தியவரிடம் கேட்டதற்கு, ‘உங்கள் நம்பிக்கை போதவில்லை, நூறு முறை சொல்லுங்கள்’ என்றாராம். அவர் சொன்னதுதான் சரியா, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வட்டாரத்து இடைநிலைப் பள்ளிகளில் ஆலோசக ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போது மண்டபத்தில் மாணவர்களை உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் ‘என்னால் முடியும்’ என்று கத்தவைக்கும் நிகழ்ச்சிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். மண்டபம் அதிரும். அந்தச் சத்தத்தில் உண்மையான மகிழ்ச்சியும் உண்டு, அதை மறுக்கமாட்டேன். பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் சிலர் எப்போதும் இருப்பார்கள். கணிதத்தில் தொடர்ந்து தோற்றவர்கள், வீட்டில் சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்காகத்தான் நிகழ்ச்சியே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை நான்கு நிமிடம் தம் மனத்தில் ஓடுவதை எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் மட்டும், பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மணி ஒலிக்கும்போதெல்லாம், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாருடைய மனநிலையையும் அளந்தார்கள். ஏற்கெனவே தம்மை மதித்திருந்தவர்களுக்கு வாசகத்தால் சிறிது நன்மை கிடைத்தது. தம்மைத் தாழ்வாக எண்ணியிருந்தவர்களோ, வாசகம் சொல்லாத தம்மைப் போன்றவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்குத் தூக்கிவிடும் கை தேவையோ அவர்களைத்தான் அது கீழே தள்ளியது.

காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ‘தோல்வி என்னை நெருங்காது’ என்று நீங்கள் சொன்னவுடன், மனம் அந்த இரண்டு முடிவுக் கடிதங்களையும் எடுத்து உங்கள் முன் வைக்கிறது. ஐம்பது முறை சொன்னால் ஐம்பது முறை எடுத்து வைக்கிறது. நீங்கள் காலையில் செய்துகொண்டிருப்பது உங்கள் தோல்வியை ஐம்பது முறை நினைவுகூரும் பயிற்சி. களைக்காமல் என்ன செய்யும்?

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அந்த வாசகம் எந்த அளவுக்கு உண்மை என்று மட்டும் யோசிக்கும்படி ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்கு உண்மையில்லை என்று இரண்டையும் யோசிக்கலாம் என்று மற்றொரு பிரிவினரிடம் சொன்னார்கள். தம்மைத் தாழ்வாக எண்ணுபவர்கள் இரண்டாவது பிரிவில்தான் தேறினார்கள். தம்மைப் பற்றிய நல்லதை மட்டுமே நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியவுடன் நல்லதும் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதில் பாதி அதிலேயே அடங்கிவிடுகிறது.

இந்த வாசக மோகத்துக்கு ஒரு மூத்தவர் உண்டு. எமில் கூவே, பிரான்ஸ் நாட்டு மருந்துக்கடைக்காரர், 1857இல் பிறந்து 1926இல் இறந்தவர். ‘ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் நான் மேன்மேலும் தேறி வருகிறேன்’ என்று காலையும் இரவும் இருபது முறை சொல்லச் சொன்னவர் அவர். கவனியுங்கள், ‘தேறி வருகிறேன்’ என்றுதான் சொல்லச் சொன்னார். ‘நான் மாவீரன்’ என்று சொல்லச் சொல்லவில்லை. மனஉறுதியும் உள்மனத்தின் நினைப்பும் மோதினால் நினைப்புதான் வெல்லும், ஆகவே முக்கி முயன்று சொல்லக்கூடாது என்பதும் அவருடைய போதனை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த மருந்துக்கடைக்காரருக்கு இருந்த எச்சரிக்கை இன்று மேடையில் முழங்குபவர்களுக்கு இல்லை.

‘அப்படியானால் கோயிலில் நாமம் சொல்வதும் வீண்தானா?’ என்று உங்கள் அம்மா கேட்கக்கூடும். அது வேறு, இது வேறு. முருகா முருகா என்று சொல்பவர் தம்மைப் பற்றி எந்த உரிமையும் கொண்டாடுவதில்லை. தம்மைவிடப் பெரிய ஒன்றிடம் தம்மை ஒப்படைக்கிறார். மனம் அதை மறுத்து வாதாட அங்கே எதுவும் இல்லை. ‘நான் வெற்றியாளன்’ என்பது ஓர் உரிமைகோரல். அதற்கு மனம் சான்று கேட்கும். அம்மா தாராளமாகத் தொடரட்டும்.

இனி மாற்று வழிக்கு வருகிறேன். அதை உங்கள் வேலையிடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வேலைமுறை (ஷிப்ட்) மாறி நீங்கள் பாய்லர் பொறுப்பை ஏற்கும்போது முதலில் செய்வது என்ன? நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது. பார்த்தால் மட்டும் போதாது என்பதும் உங்களுக்குத் தெரியும். வடிகால் வால்வைத் திறந்து குழாயிலுள்ள நீரை வெளியேற்றி, மூடியபின் மட்டம் மீண்டும் ஏறுகிறதா என்று சோதிப்பீர்கள். குழாய் அடைத்துக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டக்கூடும். நீர்மட்டமே கண்ணுக்குத் தெரியாவிட்டால், பதற்றத்தில் நீரைத் திறந்துவிடமாட்டீர்கள். முதலில் நெருப்பை நிறுத்துவீர்கள். ‘நீர் நிறைய இருக்கிறது, நீர் நிறைய இருக்கிறது’ என்று அந்தக் குழாயின் முன் நின்று ஐம்பது முறை சொல்லும் ஒருவரிடம் எந்த ஆலையாவது பாய்லரை ஒப்படைக்குமா? உங்களையே நீங்கள் நடத்தும் முறைக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். இருப்பதைப் பார்ப்பது, பார்த்தது சரிதானா என்று சோதிப்பது, அதற்கு ஏற்றபடி கையை மாற்றுவது. நிகழ்காலத்தில் இருப்பது, சூழலுக்கு ஏற்ப மாறுவது என்று நூல்களில் பெரிதாக எழுதுவதெல்லாம் இவ்வளவுதான். இதில் நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தவர். எட்டு மணி நேரம் நீராவியோடு செய்வதை உங்களோடு பத்து நிமிடம் செய்யவில்லை, அவ்வளவே.

நிகழ்காலத்தில் இருப்பது என்றவுடன் பலருக்குக் கண்ணை மூடிப் பத்மாசனத்தில் உட்காரும் படம்தான் நினைவுக்கு வருகிறது. தியானத்துக்கு அதன் பயன் உண்டு. ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் நடக்கிறது. ஆனால் இரவுமுறை முடித்து வந்து கண்ணை மூடினால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். அதைத் தியானம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர், என்று எழுதியிருக்கிறீர்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், தலைவிளக்கோடு மரநிரையில் இறங்கிய தலைமுறை. சூரியன் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும், அதனால்தான் அந்த நேரம். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாய்ந்து இறங்கும் வெட்டு. ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கத்தி மேலோட்டமாகப் போனால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சேராது. ஆழமாகப் போனால் பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கில் காயம் விழும். அங்கே புதுப்பட்டை கரடுமுரடாகத்தான் வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் வெட்ட முடியாது. ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வேறு பட்டை, வேறு தடிப்பு, வேறு சாய்வு. நேற்றைய மரத்தை நினைத்துக்கொண்டு இன்றைய மரத்தை வெட்ட முடியாது. வானம் கறுத்தால், தண்டு நனைந்தால் வெட்டே இல்லை. இலையுதிரும் மாதங்களில் பால் குறையும், அதற்கு ஏற்ப வீட்டுச் செலவும் குறையும்.

இதை அழகுபடுத்திச் சொல்லவில்லை. கொசு, அட்டை, கம்பில் தொங்கும் காண்டா வாளி அழுத்திய தோள், தோட்டத்து அலுவலரான கிராணியின் ஏச்சு, கைக்கு வந்து சேராத கூலி எல்லாம் அந்த நிரையில் இருந்தன. அவர்கள் யோகிகள் அல்லர். ஆனாலும் கத்தி பட்டையில் இறங்கும் அந்தச் சில விநாடிகளில் அவர்களின் மனம் கத்தியின் முனையில் இருந்தது. வேறெங்காவது இருந்தால் மரம் காட்டிக்கொடுத்துவிடும். கவனம் என்பது வேலையோடு வரும் பழக்கம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதற்குத் தனியறையும் ஊதுபத்தியும் தேவையில்லை.

மனம் எவ்வளவு நேரம் அலைகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேருடைய கைத்தொலைபேசிக்கு நாளின் ஏதோ ஒரு நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? ஏறத்தாழ 47 விழுக்காட்டுத் தருணங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த தருணங்களில் மகிழ்ச்சி குறைவு. எனக்கு வியப்பளித்தது அடுத்த செய்தி: மனம் இனிமையான நினைப்புக்குப் போனபோதும்கூட, செய்துகொண்டிருக்கும் வேலையிலேயே இருந்ததைவிட அதிக மகிழ்ச்சி கிடைக்கவில்லை. காலையில் கண்ணாடி முன் நீங்கள் கஷ்டப்பட்டு மனத்தை அனுப்பிவைக்கும் அந்த ஒளிமயமான எதிர்காலத்தில் பெரிதாக எதுவும் வைத்திருக்கவில்லை, தம்பி.

அந்த எதிர்காலக் கனவு தீங்கும் செய்யலாம். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வருபவர். படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை அவரும் அவருடைய சக ஆய்வாளர் மேயரும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதினார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு வேலைவாய்ப்புகளும் குறைவாக வந்தன, சம்பளமும் குறைவாக இருந்தது. அதே வேளை, ‘எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது’ என்று தம் கடந்தகால அனுபவத்தை வைத்துக் கணித்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். கணிப்புக்கும் கற்பனைக்கும் நடுவே இவ்வளவு தூரம். கற்பனையில் வெற்றியைச் சுவைத்துவிட்ட உடல், வேலை முடிந்துவிட்டது என்று எண்ணித் தளர்ந்துவிடுகிறது என்பது ஓட்டிங்கன் தரும் விளக்கம்.

அவர் சொல்லும் மாற்று எளிது. விரும்புவதை நினைத்துப் பாருங்கள். உடனே, அதற்கு உங்களுக்குள்ளேயே குறுக்கே நிற்பது எது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். பிறகு, அவருடைய கணவரும் உளவியலாளருமான பீட்டர் கோல்விட்சர் பலகாலம் ஆராய்ந்த வழியில், ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1997இல் வெளிவந்த அவருடைய ஆய்வு ஒன்றில் மாணவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் உரிய நேரத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். ஆசை இரு தரப்புக்கும் இருந்தது.

உங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதற்கு முன், ‘மாறிக்கொள்வது’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் ஊருக்கு அருகேயுள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. போட்டவர் ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ரப்பர் விலை சரிந்து, கித்தா மரங்களைச் சாய்த்துப் பரவலாகச் செம்பனை நட்டார்கள். அந்த மாற்றத்தில் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். மணிக்கட்டில் இருந்த தொழில்நுட்பம் ஒரே நாளில் செல்லாமல் போனது. புது வேலை கழுத்திலும் தோளிலும். சிறு மரமானால் உளி, உயர்ந்த மரமானால் நீண்ட கழியின் முனையில் அரிவாள். பட்டையைத் தடவிப் பார்த்து அறிந்தவர்கள், தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று அறியக் கற்றார்கள். எவரும் அவர்களுக்கு முகாம் நடத்தவில்லை. ‘நான் பால்வெட்டுக்காரன்’ என்று பிடிவாதமாக நின்றவர்களுக்குச் சிரமம் அதிகம். ‘எனக்குக் கூர்மையான கண் உண்டு, அதை இங்கே எப்படிப் பயன்படுத்தலாம்’ என்று பார்த்தவர்கள் விரைவில் பழகினார்கள். உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்: உங்களை வெற்றியாளன் என்றோ தோல்வியாளன் என்றோ ஒரு பெயரில் அடைத்துக்கொண்டால், அடுத்த அடி எடுத்துவைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது.

ஆனால், மாறிக்கொள்வது என்றால் எதையும் சகித்துக்கொள்வது என்று பொருள் கொள்ள வேண்டாம். செம்பனை வந்தபின் பெண்கள் பலருக்குக் களைக்கொல்லி அடிக்கும் வேலை கொடுக்கப்பட்டது. முதுகில் தெளிப்பான், அதில் பாரகுவாட். கைநகம் கெட்டது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு அடிக்கக் கற்றுக்கொண்டதும் ஒருவகை மாறிக்கொள்ளல்தான். அதைப் பாராட்ட எனக்கு மனமில்லை. அந்த நஞ்சை 2020இல் மலேசியா முழுவதும் தடைசெய்தார்களே, அதற்குப் பின்னால் ‘இது முடியாது’ என்று சொன்ன குரல்கள் இருந்தன. அதேபோல, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களை வெளியேற்றிய காலத்தில் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பங்குப்பணம் போட்டுத் தாமே தோட்டங்களை வாங்கினார்கள். நிலைமையைக் கண்திறந்து பார்த்தவர்கள் செய்த காரியம் அது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று ‘நாங்கள் முதலாளிகள்’ என்று முழங்கியிருந்தால் ஓர் ஏக்கர்கூடக் கிடைத்திருக்காது. கைகட்டி நின்றிருந்தாலும் கிடைத்திருக்காது.

தன்முனைப்பு மேடைகள் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கலும் இதுவே. சம்பளம் குறைவு, பஸ் வசதி இல்லை, பயிற்சி நூல் தமிழில் இல்லை என்ற உண்மையான தடைகளையெல்லாம் ‘உன் மனநிலை சரியில்லை’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடியபிறகு தடையை நீக்க வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை. தோற்றவன் மட்டும் குற்றவாளி.

சரி, உங்கள் தேர்வுக்கு வருவோம். காலை ஐம்பது முறையை நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்கவெல்லாம் வேண்டாம், நாளைக்கே நிறுத்தலாம். அந்த நேரத்தில் பசியாறிவிட்டு நிதானமாக வேலைக்குப் போங்கள்.

நெஞ்சு படபடக்கும்போது, என்ன உணர்கிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். ‘பயமாக இருக்கிறது’, ‘அவமானமாக இருக்கிறது’, ‘அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று தயக்கமாக இருக்கிறது’. பொதுவாக ‘டென்ஷன்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது எதையும் சொல்லாத சொல். உணர்வுக்குப் பெயரிடும்போது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் செயல்பாடு தணிவதை மத்தேயு லீபர்மனின் குழு 2007இல் படம்பிடித்துக் காட்டியது. பெயரிட்டவுடன் பயம் போய்விடாது. பயத்தோடு வேலை செய்ய இடம் கிடைக்கும், அது போதும்.

உங்களோடு பேசியே ஆகவேண்டும் என்றால், ‘நான்’ என்று தொடங்காமல் உங்கள் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ பேசிப் பாருங்கள். உளவியலாளர் ஈதன் கிராஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பலர் முன் பேச வேண்டியிருந்தவர்களில் அப்படிப் பேசிக்கொண்டவர்கள் குறைவாகத் தவித்தார்கள், நன்றாகவும் பேசினார்கள். நமக்கு இது புதிதன்று. ‘நெஞ்சே’ என்று தன் மனத்தை எதிரே உட்காரவைத்துப் பேசும் பழக்கம் தமிழ்ப் பாட்டில் காலங்காலமாக இருக்கிறது. ‘தம்பி, போன தடவை பாதுகாப்பு வால்வு பற்றிய கேள்வியில் நின்றாய். இந்தத் தடவை அதைப் படித்திருக்கிறாய். மெதுவாகச் சொல்’ என்பது போன்ற பேச்சு. இதில் பொய் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தேர்வறை வாசலில் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். உடல் துடித்துக்கொண்டிருக்கும்போது அதுவும் பொய்யே. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியது சுவையானது: பாடவோ பேசவோ போகும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட, ‘நான் பரபரப்போடு ஆவலாக இருக்கிறேன்’ என்றவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்புக்கும் ஆவலுக்கும் உடலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மனம் அதை மறுப்பதில்லை. வாசகங்கள் அனைத்தும் வீண் என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இது சான்று. உண்மைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் வாசகம் உதவும்.

குறுக்கே நிற்பது எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கேள்வியை மலாயில் கேட்டவுடன் தெரிந்த பதிலும் மறந்துபோகிறது. அப்படியானால் உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘கேள்வி கேட்டு மனம் வெறுமையானால், கேள்வியை மலாயில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்பேன்.’ திருப்பிச் சொல்ல எடுக்கும் சில விநாடிகளில் பதில் பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால், கையில் செய்வதை வரிசையாகச் சொல்லத் தொடங்குங்கள். உங்கள் அறிவு கையில் இருக்கிறது. அதற்கு மலாய் வாய் மட்டும் பழகவில்லை. அதற்கான பயிற்சி ஆலையிலேயே கிடைக்கும். வேலைமுறை தொடங்கும்போது செய்யும் ஒவ்வொரு சோதனையையும் உடன் வேலை செய்யும் மலாய் நண்பரிடம் வாய்விட்டு மலாயில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரியும் அடுப்பின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும். தவறைத் திருத்தச் சொல்லுங்கள். சில நாள் கேள்வியை அவரே கேட்கட்டும், எதிர்பாராத வரிசையில், கொஞ்சம் கடுகடுப்போடு. தேர்வறையில் நடப்பதும் அதுதானே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சோர்வு தேர்வைப் பற்றியது மட்டும்தானா? இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பிடித்தவற்றிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், நான் மேலே சொன்னவை எல்லாம் போதாது. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). நேரில் போகக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 15555. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம், இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். நம் ஊர்களில் இதை வெளியே சொல்லத் தயங்கித் தயங்கியே காலம் கடந்துவிடுகிறது.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முதல் இரண்டு முறையும் என்னென்ன கேட்டார்கள் என்று நினைவில் உள்ளவரை எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, பதில் தெரியவில்லையா, தெரிந்தும் மலாயில் சொல்ல வரவில்லையா, சொல்லியும் அவர்கள் ஏற்கவில்லையா என்று குறியுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. அந்தத் தாளை எனக்கு அனுப்பினால், எதிலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.